இருமல் நின்ற பிறகு

தையல்காரர் எக்ஸ்ரே கருவியின் முன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பொத்தானைக்கூடப் போட விடாமல் நடுங்கிய கை, நடுக்குவாதத்துக்கான மாத்திரையின் தயவில் இப்போது அசையாமல் டம்ளரைப் பிடித்திருக்கிறது. “பாத்தீங்களா டாக்டர், ஒரு சொட்டு சிந்தல. சாப்பிடுறப்ப வர்ற இருமலும் நின்னுடுச்சு,” என்கிறாள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கும் மனைவி. டாக்டர் விளக்கை அணைக்கிறார். சாம்பல் நிறத் திரையில் தையல்காரரின் கழுத்தெலும்புகள் தெரிகின்றன. எக்ஸ்ரேயில் தடம் தெரிவதற்காக அவர் குடிக்கும் வெள்ளைக் கரைசல் திரையில் கறுப்பாக இறங்குகிறது. தொண்டையில் சற்றே தயங்கி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று உணவுக்குழாயில் போகிறது. மற்றது மெல்லிய கோடாக மூச்சுக்குழாய்க்குள் வழிகிறது. அவருக்குப் புரையேறவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. கருவி மட்டும் இரைந்துகொண்டிருக்கிறது. “கொஞ்சம் இருமுங்க ஐயா,” என்று டாக்டர் ஒலிவாங்கியில் சொல்கிறார். “எதுக்குங்க? நல்லாத்தானே இறங்குது,” என்று அவர் சிரிக்க, மனைவியும் சிரிக்கிறாள். டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அவளிடம் சொல்கிறார். “மாத்திரை கைக்குக் கேட்டிருக்கும்மா, தொண்டைக்குக் கேக்கல. அங்க உணர்ச்சியே போயிடுச்சு. அதான் இருமல் வரல. குடிக்கிறது நுரையீரலுக்குப் போகுது.” அவள் பதறிக் கண்ணாடியைத் தட்டுகிறாள். அவள் பாராட்டுவதாக நினைத்து, தையல்காரர் டம்ளரை மறுபடியும் வாய்க்கு உயர்த்துகிறார்.