நாடித் திரை

செவிலியர்களின் கைப்பட்டை அளக்கும் நாடித்துடிப்பு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல் திரையில் எப்போதும் தெரியும். பதறினால் சிவப்பு, நிதானமென்றால் பச்சை.

குழாயில் வரும் ஆக்சிஜனின் அழுத்தம் சரிந்ததும் திரை முழுக்கச் சிவந்தது. உறவினர்கள் அலறியபடி வாசலை அடைத்துக்கொண்டார்கள். சிலிண்டர் வர வழியில்லை.

தலைமைச் செவிலியர் எப்சிபா தன் கைப்பட்டையைக் கழற்றி, ஆக்சிஜன் தேவைப்படாமல் அயர்ந்து தூங்கிய ஒரு நோயாளிக்கு மாட்டினாள்.

“எல்லாரும் இப்படியே மாட்டுங்க. ஜான்சி, காத்துப் பைய அமுக்கிட்டே இரு. சுடலை, சிலிண்டரத் தள்ளிட்டு வா.”

திரை பச்சையானது. கூட்டம் விலகியது. அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

நன்றி சொல்ல ஒரு பெண் எப்சிபாவின் கையைப் பற்றினாள். அது வெடவெடத்தது. திரையில் எப்சிபாவின் பெயர் இன்னும் பச்சையாகவே இருந்தது.

அந்தப் பெண், “கொஞ்சம் உக்காருங்க சிஸ்டர்” என்று சொல்லி, கையை விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.