சும்மாட்டுச் சிம்மாசனம்

பிரசவத்திலிருந்து சுஜிதாவின் வால் எலும்பு, வால் உதிர்ந்துபோன பழைய கோபத்தை அவளிடம் தீர்த்துக்கொள்கிறது. உட்கார்ந்தால் உயிர் போகிறது. அதனால் சாத்திவைத்த ஏணி மாதிரி சுவரோடு நின்றே மகனுக்குப் பால் கொடுக்கிறாள். ஜன்னலில் உப்புக்காற்று கொடித்துணியை உதறுகிறது. மீன் விற்கக் கிளம்பிய மாமியார் ரொசாரி, வாசலில் அலுமினியச் சட்டியை இறக்கிவைக்கிறாள். தலையிலிருந்த சும்மாட்டை, பழஞ்சேலையைச் சுருட்டிய அந்த வளையத்தை, எடுத்து நாற்காலியில் போடுகிறாள். “ஏளா, இதுல உக்காரு. நடுவுல ஓட்ட இருக்கு, எலும்பு படாது.” “தலையில வைக்குறத அங்கன வச்சா பாவம்லா மாமி?” “ஒம் மாப்பிள்ளையப் பெத்தப்போ எனக்கும் இந்தக் கததான். பேசாம உக்காரு.” சுஜிதா பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல இறங்குகிறாள். வலிக்கவில்லை. கடித்த பல்லைத் தளர்த்த மறந்து அப்படியே இருக்கிறாள். மகன் சப்புக்கொட்டிக் குடிக்கிறான். சும்மாட்டிலிருந்து சாளை மீன் வாடை எழுகிறது. கோயில் சாம்பிராணிகூட அவளுக்கு இத்தனை மணந்ததில்லை. ரொசாரி முந்தானையை மடித்துத் தலையில் போட்டுச் சட்டியை ஏற்றுகிறாள். விளிம்பு அழுத்த, முகம் சுளிக்கிறது. “மாமி, ஒங்களுக்கு?” “சத்தம் போடாத, பய குடிச்சிட்டே ஒறங்குதான்.” வீட்டுப் படியிலேயே தொடங்கி ஊரைக் கூட்டுகிற அந்தத் தொண்டை, இன்று தெருமுனை திரும்பிய பிறகுதான் ‘மீனேய்’ என்று கூவுகிறது.