அங்கே ஒன்றுமில்லை

“கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கெல்லாம்? இந்த மலையில வேற எங்கயும் இல்லாத பெரணிம்மா இது!”

ஸ்லோவேனியாவின் அந்த மலைச்சரிவில் பீச் எனும் உயரமான காட்டு மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். நிழல் போனதில் கருகிக் கிடந்த பெரணிச் செடியின் ஓர் இலையைக் கையில் பிடித்தபடி லுட்விக் கத்தினார்.

வன அதிகாரி நெஷ்கா குரலை உயர்த்தவில்லை. “இங்க பெரணிகளைத் தேடிப் பதிவு பண்றது நீங்க ஒருத்தர்தானே ஐயா? வெட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்டதான் கேட்டோம். அங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே!”

லுட்விக் கையிலிருந்த கருகிய இலையைக் கீழே வைத்தார்.

“இடம் தெரிஞ்சா, செடி திருடறவன் வேரோட தோண்டிட்டுப் போயிடுவான்னு... மறைச்சிட்டேன்மா.”

நெஷ்கா மொட்டைச் சரிவைப் பார்த்தாள்.

“கடைசி வரைக்கும் ஒரு திருடனும் கை வைக்கல ஐயா.”