குழாய்த் தண்ணீர்

கழிவறைக் குழாயின் கீழே தலையை நீட்டியபோதே அவளுக்கு மூச்சு முட்டியது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு முடியை மட்டும் நனைத்தாள். நீச்சலுடையின் தோளில் கையால் வாரித் தெளித்துக்கொண்டாள். முகத்தில் ஒரு சொட்டுப் படவில்லை.

படக் கூடாது.

போன வாரம் ஆழமான பக்கத்தில் குட்டிக்கரணம் அடித்துத் திரும்பும்போது, எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வாய் கொப்பளிக்கக்கூடப் பயம்.

சனிக்கிழமை தொடர் நீச்சல் போட்டி. அணியில் கடைசியாகக் குதிக்க வேண்டியவள் அவள்தான்.

சீசன் முடியும்வரை விலகமாட்டேன் என்று எல்லோரையும் போல அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள். மீறி விலகுவதென்றால் கோச்சிடம் ஒரு சட்டம் உண்டு. குளத்தின் முழு நீளத்தை நீந்திவிட்டு, சொட்டச் சொட்ட வந்து நின்று சொல்ல வேண்டும். கரையில் எடுத்த முடிவு தண்ணீருக்குள் மாறிவிடும் என்பது கோச்சின் நம்பிக்கை. பாதிப் பேருக்கு மாறியும் இருக்கிறது.

மாறாமல் போனவர்களிடம் கோச் அப்புறம் பேசுவதே இல்லை. போன வருடம் விலகிய, ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் பெண், கடைத்தெருவில் எதிரே வந்து சிரித்தாள். விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நடந்தார் கோச். பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வந்த இவளுக்குத்தான் கூசிப்போனது.

"ஏய், குளம் அந்தப் பக்கம்டி!" என்று சிரித்தாள், எதிரே ஓடிவந்த, தவளை என்று பட்டப்பெயர் வாங்கிய அணித் தோழி.

அவள் கோச்சின் அறைக்குள் நுழைந்தாள்.

"நான் விலகிக்கிறேன், கோச்."

கோச் விசிலை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தார். குனிந்து அவள் முடியை முகர்ந்தார். குளத்து மருந்தின் வாடை இல்லை. கண்களைப் பார்த்தார். சிவப்பு இல்லை, நீச்சல் கண்ணாடி அழுத்திய தடம் இல்லை.

ஒரு வார்த்தை பேசவில்லை.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள். இனி இப்படித்தான். இன்று, நாளை, அதற்கு மறுநாள்.



நெற்றியிலிருந்து ஒரு சொட்டு நழுவி இமையில் விழுந்தது. அவள் பதறிப் பின்வாங்கிச் சுவரில் மோதினாள். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

தலைமேல் துண்டு விழுந்தது. முகத்தில் படாமல், மெதுவாக, பின்கழுத்திலிருந்து துவட்டின கோச்சின் கைகள்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு? ஏன் சொல்லல?" குரல் உடைந்திருந்தது. "சரி, போய் உடை மாத்திக்கிட்டு வண்டிக்கிட்ட நில்லு. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"சரிம்மா" என்றாள்.

இந்தச் சுவர்களுக்குள் அம்மாவை அப்படிக் கூப்பிடக் கூடாது என்பதுதான் முதல் சட்டம்.

கோச் திருத்தவில்லை.