பத்து மணி ஷிப்ட்

"மணி ஒண்ணு அஞ்சு. ஜன்னல் வழியா நீங்களே பாருங்க சார், அதோ போறாங்க."

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். மருத்துவமனை கேட்டைத் தாண்டி, தோளில் பையோடு சீனியர் டெக்னீஷியன் போய்க்கொண்டிருந்தாள்.

"தினமும் இதே கூத்துதான் சார். ஆறு மணி வரைக்கும் டியூட்டி. ஒரு மணி அடிச்சா அக்கா செருப்பை மாட்டிடுவாங்க. லேப்ல அவங்களுக்கு 'ஒரு மணி அக்கா'ன்னே பேரு. மத்தியானம் வர்ற அத்தனை பேருக்கும் நான் ஒருத்தியே ரத்தம் எடுக்கணும்."

புகார் சொன்ன ஜூனியர் டெக்னீஷியன் பிரசவ விடுப்பு முடிந்து லேபுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. சூப்பர்வைசர் பொறுப்பேற்று மூன்று நாள்தான்.

"நேர்ல கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டேனே. 'என் வேலை முடிஞ்சுது, போறேன். நீ உன் வேலையைப் பாரு'ங்கறாங்க. என்ன திமிர் பாருங்க."

"எழுதிக் கொடுத்தா மெமோ அனுப்பிடலாம்."

"எழுதியே கொண்டுவந்துட்டேன் சார்."

அவர் வாங்கிப் படித்தார். "உங்களுக்கு எத்தனை மணி ஷிப்ட்?"

"பத்துலேர்ந்து ஆறு. எல்லாம் பழைய சார் செஞ்ச புண்ணியம். எங்க வீட்டுக்காரர் ராத்திரி வாட்ச்மேன் சார். வீடு வந்து சேர எட்டரை ஆயிடும். அதுவரைக்கும் எட்டு மாசக் குழந்தையை யார்கிட்ட விடறது? விடியற்காலை அஞ்சு மணி ஷிப்ட் ஆரம்பிக்கப் போறாங்கன்னு ஒரு பேச்சு அடிபட்டுது. அது வந்தா வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுடலாம்னு இருந்தேன். லீவு முடியறதுக்கு முந்தின நாள் போன்ல டியூட்டி பக்கத்தைத் திறந்து பாத்தா, பத்து மணின்னு என் பேரு! அழுகையே வந்துடுச்சு."

"சரி..."

"போன வாரம் பழைய சார் ரிடையர் ஆனப்ப ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தேன். 'நான் ஒண்ணும் செய்யலையேம்மா'ன்னு வாங்கவே மாட்டேன்னுட்டார். அப்படிப்பட்ட மனுஷன்."

சூப்பர்வைசர் தன் கம்ப்யூட்டரில் அதே பக்கத்தைத் திறந்தார். நெற்றி சுருங்கியது.

"இங்க வேற மாதிரி இருக்கேம்மா. அஞ்சுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் உங்க பேரு. பத்துலேர்ந்து ஆறு, அவங்க பேரு."

"அஞ்சு மணி ஷிப்டா? அதுதான் வெறும் பேச்சோட போச்சே சார். வார்டுல விடியற்காலை ரத்தம் நர்சுங்கதான எப்பவும்போல எடுக்கறாங்க?" போனை நீட்டினாள். "இதோ பாருங்க. இன்னிக்குக் காலையிலகூடத் திறந்து பாத்துட்டுத்தான் கிளம்பினேன்."

அவர் போனையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது பழைய பக்கம். ஒரு தடவை பாத்ததை போன் உள்ளேயே பத்திரமா வெச்சுக்கும். மறுபடி கேட்டா புதுசா போய் எடுத்துட்டு வர சோம்பல்பட்டு, வெச்சிருக்கிறதையே எடுத்து நீட்டும். கேஷ்னு பேரு. அதை அழிங்க."

"குழந்தை போட்டோவெல்லாம் போயிடுமா சார்?"

"போட்டோவுக்கு ஒண்ணும் ஆகாது. கொடுங்க, நானே பண்றேன்."

நாலு இடத்தில் தட்டினார். பக்கத்தை மறுபடி திறந்தார்.

ஐந்து முதல் ஒன்று என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்தது. கீழே, மாற்றிய தேதி. அவள் வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மாலை.

"சார்... நான் ஒரு நாள்கூட அஞ்சு மணிக்கு வரலையே!"

"அதான் பாக்கறேன்." அவர் குரல் மாறியிருந்தது. "மூணு வாரம் போட்ட டியூட்டிக்கே வராம இருந்தா வேலை போயிடும், தெரியுமில்ல?"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த மாதச் சம்பளமும், வீட்டு வாடகையும், பால் பவுடரும் வரிசையாக மனசில் வந்து போயின.

"சத்தியமாத் தெரியாது சார். யாருமே ஒரு வார்த்தை கேக்கலையே!"

"அதுதான் எனக்கும் புரியலை. நீங்க வரலைன்னா வார்டுல யாரோ ரத்தம் எடுத்திருக்கணும்ல?"

அலமாரியைத் திறந்து விடியற்காலைப் பதிவேட்டை எடுத்தார். புரட்டினார். 4.50. 4.55. 4.50. முதல் நாளும் ஞாயிறும் தவிர மற்ற எல்லா நாளும், ஒரே ஆளின் உருண்டையான கையெழுத்து.

அவளுக்கு அந்தக் கையெழுத்து தெரியும். லேபில் தினமும் பார்ப்பதுதான்.

"அப்போ அக்கா... ஒரு மணிக்கு..."

"எட்டு மணி நேரம் முடிச்சிட்டுத்தான் போயிருக்காங்க."

பதிவேட்டின் முதல் பக்கத்தில், அதே உருண்டை எழுத்தில் ஒரு கடிதம் பின் பண்ணியிருந்தது. ஓரத்தில் பழைய சூப்பர்வைசர் 'அனுமதி' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். டியூட்டி பக்கத்தில் அதை ஏற்ற மறந்துவிட்டார் போல. கடிதத்தின் தேதி, அவள் திரும்பி வந்த முதல் நாள்.

புது சூப்பர்வைசர் அதைப் படித்தார். பிறகு, அவள் எழுதிய புகாரை அவளிடமே கொடுத்து, பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

'ஐயா, புதிதாகப் போட்ட ஐந்து மணி ஷிப்டுக்கு அந்தப் பெண் இன்று வரவில்லை. பத்து மணிக்குச் சிரித்த முகத்தோடு வந்தாள். பத்து மணி கிடைத்ததால்தான் வேலையை விடவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்படுகிறாள். அவள் எடுத்துக் காட்டிய போனில் இன்னும் பழைய பக்கம்தான் வருகிறது. ஐந்து மணி ஷிப்டை எனக்கு மாற்றிக் கொடுங்கள். அவளிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் கூச்சப்பட்டு வேண்டாம் என்பாள். அவள் பார்த்த பக்கமே சரியானதாக இருக்கட்டும்.'