பின்சீட்டு

"நம்ம கார்ல பின்சீட்டா?"

முதலாளி போட்ட சத்தத்தில் டிசைன் அறையே அதிர்ந்தது. களிமண்ணில் செய்து வைத்திருந்த புது மாடலை ஓங்கித் தட்டினார்.

"இது ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி! ரெண்டே சீட்டு. அதுதான் நம்ம அடையாளம், அதுதான் கெத்து. யார் பார்த்த வேலை இது?"

"நான்தான் சார்." தலைமை டிசைனர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "காலம் மாறிடுச்சு. வாங்க வர்றவங்க குழந்தைகுட்டியோட வர்றாங்க."

"அவங்க பஸ்ல போகட்டும்! நம்ம கார்ல மூணாவது ஆளுக்கு என்ன வேலை?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஞாயித்துக்கிழமையானா நீங்களும் அம்மாவும் இந்த ரெண்டு சீட்டு கார்ல பறந்துடுவீங்க. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு டாட்டா காட்டிட்டு நின்னேனே, அந்த மூணாவது ஆள் நான்தாம்ப்பா!"