யாருடைய பார்சல்?

"அண்ணே, ஒங்க கடை அட்ரஸத்தான் குடுத்திருக்கேன். பார்சல் வந்தா வாங்கி வச்சிருங்க."

சின்னத்தம்பி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஹட்டனில் சைக்கிள் கடை நடத்துகிற மனிதரிடமே போய், சைக்கிள் சாமானை வெளிநாட்டில் வாங்கியிருக்கிறேன், வந்தால் எடுத்து வையுங்கள் என்று சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். பிரதாப்பிடம் அது தாராளமாகவே இருந்தது.

"பின் வீலு கியர் செட்டு என்கிட்டயே இருக்கேடா. போன வாரம் எடுத்துக் காட்டினேன்ல?"

"ஒங்ககிட்ட வெல கூடண்ணே. கட்டார்ல இருக்கிற எங்கண்ணன் இன்டர்நெட்டுல பார்த்துச்சு. ஹொங்கொங் கம்பெனி. பாதி வெலதான். வீட்டுக்கே அனுப்புறாங்களாம்."

"வீட்டுக்கே அனுப்புறவன் ஒன் லயத்துக்கு அனுப்ப வேண்டியதுதானே?"

பிரதாப் தலையைச் சொறிந்தான். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு ஏது நம்பர்? தோட்டத்துக்கு வருகிற தபாலெல்லாம் ஆபீசுக்குப் போகும். கிளாக்கர் ஐயாவுக்கு மனம் வந்தால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார். அதனால் அவசரத் தபாலுக்கு டவுனில் தெரிந்த கடை விலாசத்தைக் கொடுப்பதுதான் தோட்டத்து வழக்கம்.

"காத்தடிக்கவும் தபால் வாங்கவும் மட்டும் நான் வேணும். சரி, வரட்டும்" என்றார் சின்னத்தம்பி.

சனிக்கிழமை சித்திரை வருஷப் பிறப்பு சைக்கிள் ஓட்டப் போட்டி. போன வருஷம் தோட்டமே கூடி நின்று பார்க்க, கியர் சரியாக விழாமல் கடைசி ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் பிரதாப். இந்தத் தடவையும் தள்ளினால் லயத்தில் தலை காட்ட முடியாது.

புதன்கிழமை வந்து பார்த்தான். கடை பூட்டியிருந்தது. வியாழக்கிழமையும் பூட்டு.

"எனக்கென்னப்பா தெரியும்?" என்றாள் கடை வாசலில் வெற்றிலை விற்கும் காளியாயி. "செவ்வாக்கெழம தபால் கந்தோருக்குப் போனவரு. அப்புறம் கடைய தெறக்கவே இல்ல."

தபால் கந்தோருக்கு ஓடினான். அது இரண்டாயிரத்து ஏழு, இலங்கையில் யுத்த காலம். வெளிநாட்டுப் பார்சல் என்றால் பிரித்துப் பார்க்காமல் கொடுக்க மாட்டார்கள்.

"பிரதாப்ங்கிற பேருக்கு வந்ததா? அதைச் செவ்வாக்கெழமையே குடுத்தாச்சே" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

"யாருக்குங்க?"

"சைக்கிள் கடை முதலாளிக்கு. சாமான் என்னோடது, பிரதாப்ங்கிறது என் கடைப் பேருன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு."

"போர்டே இல்லாத கடைங்க அது! அதுக்கு என் பேரா?"

"அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க தம்பி" என்றவர் அவசரமாக அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பிரதாப்புக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. சின்னத்தம்பி கடையிலேயே அதே சாமான் தொங்குகிறது. பிறகு எதற்கு இதை எடுக்க வேண்டும்? வயிற்றெரிச்சலா? அப்படியென்றால் கடையை ஏன் பூட்ட வேண்டும்? கோபப்படுவதா அழுவதா என்று தெரியாமல் தோட்டத்துக்கு பஸ் ஏறினான்.

வெள்ளிக்கிழமை கடை திறந்திருந்தது. சின்னத்தம்பி முகம் மழிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிரதாப் வாயைத் திறப்பதற்குள் பிரித்த பெட்டி ஒன்றை மேசைக்கடியிலிருந்து எடுத்தார். அவன் உருட்டி வந்த சைக்கிளைத் திருப்பிப் போட்டு, புதுக் கியரைப் பூட்ட ஆரம்பித்தார்.

"என் பார்சல ஒங்களோடதுன்னு ஏண்ணே சொன்னீங்க?"

"என் கடைக்கு வந்தா என் சாமான்தானே?"

"ரெண்டு நாளா எங்க போனீங்க?"

"ஒரு சோலி."

இது என்ன பதில்? பிரதாப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாங்க வெளிநாட்டுல வாங்குனா ஒங்களுக்குப் பொறுக்கல. அடுத்தவன் சாமான அமுக்கப் பார்த்தீங்க. நான் தபால் கந்தோர்ல விசாரிச்சது தெரிஞ்சதும் நல்லவராட்டம் பூட்டிக் குடுக்கிறீங்க!"

காற்றடிக்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சின்னத்தம்பியின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் கடைசி நட்டை இறுக்கி முடித்தார்.

"ஏத்தம் தொடங்குறதுக்கு முந்தியே கியர மாத்திரு. பாதியில மாத்தாத" என்று மட்டும் சொன்னார்.

திட்டு வாங்கியவர் புத்தி சொல்கிறார். கூலியும் கேட்கவில்லை. திட்டியவனுக்குத்தான் மனசு சரியில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

எதிரே சாப்பாட்டுக் கேரியரோடு வந்த பூரணி, சின்னத்தம்பியின் மனைவி, ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீதானே பிரதாப்பு? அடையாள அட்டை எடுத்துட்டியாப்பா?"

"இல்லக்கா. பொறந்த சர்ட்டிபிகட்டு தோட்டத்துல தேடுறாங்க தேடுறாங்க, கெடைக்கல. எதுக்குக் கேக்குறீங்க?"

"மொதல்ல அதை எடு." பூரணி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பெட்டியில கம்பியும் இரும்புமா இருக்கு, குண்டு செய்யுற சாமானா, இந்தப் பிரதாப் யாருன்னு தபால் கந்தோர்ல வச்சுப் போலீஸ்ல கேட்டாங்களாம். அட்டை இல்லாத பையன், புடிச்சா விட மாட்டாங்கன்னு, எல்லாம் என்னோடதுன்னு சொல்லிட்டு ரெண்டு நாளும் போலீஸ் கூட்டுக்குள்ள இருந்துட்டு இன்னிக்குக் காலையிலதான்ப்பா அவரு வீட்டுக்கு வந்தாரு!"